வலிக்காத சூடு

என் உயிர் பெரியப்பாவின் வாயில்தான் இருக்கிறது என்று ஒன்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். நம்பாமலிருக்க யாரும் விட்டால்தானே. நான் ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவள். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடுவேனாம். பஞ்சில் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்களாம். இது தங்காது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் முடிவு கட்டிய பிறகு, பெரியப்பா எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். மடியிலிருந்த பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துக் கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "இந்த உசுரு நிக்கட்டும் தாயே, இனிமே இந்தக் கருமத்த வாயில வைக்கமாட்டேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறார். நான் பிழைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வயதில் பழகிய பீடியை ஒரே நாளில் விட்ட மனிதர் என்று பெரியப்பாவுக்குத் தேவாலா கடைத்தெரு வரைக்கும் பெயர். எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் லயத்தில் நான் பீடிப்பாப்பாதான். "ஒங்க பெரியப்பா ஒரு இழுப்பு இழுத்தா நீ காலி" என்று பையன்கள் பயமுறுத்துவார்கள். எனக்குப் பயமே வந்ததில்லை. பெரியப்பா சொன்னால் சொன்னதுதான்.

அவர் அப்பாவின் மூத்த அண்ணன். இரண்டு பேருக்கும் இருபத்திரண்டு வயது வித்தியாசம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டபோது, நாலு வயது அப்பாவைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கியவர். சொந்தமாகக் குழந்தை இல்லை. அப்பா திருப்பூர் பனியன் கம்பெனியில், அம்மா காலையிலிருந்து கொழுந்து மலையில். ஆகவே ஒரே கூரைக்கு அடியில் ஒட்டி நிற்கும் ஆறு வீடுகளில், எங்கள் வீட்டைவிட அடுத்த வீடான பெரியப்பா வீட்டில்தான் நான் வளர்ந்தேன். ரிட்டையர் ஆன பிறகும் அவர் நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வருவார். ஒருமுறை சேற்றில் இறங்கிய ஜீப்பின் பின்பக்கத்தைத் தனியாளாகத் தூக்கிக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் காலெல்லாம் அட்டை கடித்து ரத்தமாக இருக்கும்போது, அவர் கால் மட்டும் சுத்தமாக இருக்கும். அட்டைக்கே அவரிடம் பயம் என்பது என் முடிவு.

அந்த வருடம் மழை ஓய்ந்த சமயம். எங்கள் சிவப்புக் கோழி வீட்டில் முட்டையிடாமல் எங்கேயோ போய் இட்டுக்கொண்டிருந்தது. அதைப் பின்தொடர்ந்து கண்டுபிடிக்கும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஆள் உயரப் புதர்கள் மண்டிக் கிடக்கும். அதற்குள் நுழைந்து ஊர்ந்து போனால், நடுவில் ஒரு தட்டையான கல். கல்லின் மேல் கோழி இல்லை. பெரியப்பா இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு புகைவிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அதுவரை யாரிடமும் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே பீடியை நசுக்கி, வேட்டி மடிப்பில் செருகி, எப்போதும் இடுப்பில் கட்டியிருக்கும் பச்சை பெல்ட்டை அதன்மேல் இழுத்துவிட்டார். எல்லாம் ஒரு நொடிதான். வந்தது நான் என்று பிறகுதான் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவதற்காக நின்றுகொண்டிருந்தேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"அம்மன் பாக்கல புள்ள" என்றார் பெரியப்பா மெதுவாக. "கோயிலு கெழக்க பாத்து இருக்கு. நம்ம ஒக்காந்திருக்கிறது அவ முதுகுப் பக்கம்."

யோசித்துப் பார்த்தேன். திசைக்கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"நீ வாயத் தொறந்து யாருகிட்டயாச்சும் சொன்னாத்தான் அவ காதுல விழும். சொல்லுவியா?"

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். என் உயிர், எனக்கில்லாத அக்கறையா. ஆனால் அன்றிலிருந்து பெரியப்பாவை நான் பார்த்த பார்வையே வேறாகிவிட்டது. ஜீப்பைத் தூக்குகிறவர்கள் உலகத்தில் நாலு பேராவது இருப்பார்கள். மாரியம்மனுக்கே தெரியாமல் ஒன்றைச் செய்கிறவர் என் பெரியப்பா மட்டும்தான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், பெரியப்பா குப்புறப் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஒடம்பெல்லாம் முறிச்சுப் போட்டாப்ல இருக்கு. ஏறி மிதி புள்ள." உடம்பு வலித்தால் பிள்ளைகளை முதுகில் நடக்கவிடுவது எங்கள் லயத்தில் வழக்கம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். முதுகு, பாத்திரம் இறக்கிய அடுப்புக்கல்லைப் போலச் சுட்டது. பெல்ட்டைக் கழற்றித் தலைமாட்டில் வைத்திருந்ததால் இடுப்பு தெரிந்தது. வலது பக்கம், எலும்புக்குச் சற்று மேலே, பாசிப்பயறு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம்.

"பெரியப்பா, இது என்னா?"

அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். தடவியதும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. "பீடி சுட்டிருச்சு. அணையறதுக்கு முன்னாடி சொருகிட்டேன் போல." பிறகு தலையைத் திருப்பி, "வாயத் தொறக்காத, என்ன?" என்றார்.

நான் கால் கட்டைவிரலால் அதை மெல்ல அழுத்தினேன். அவர் அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். "வலிக்கலியா?" என்றேன். "எது?" என்று கேட்டார். அடுப்பில் கை பட்டு நான் இரண்டு நாள் அழுதவள். தீ சுட்டும் வலிக்காத ஓர் உடம்பின்மேல் நின்றுகொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையையும் வெளியில் சொல்ல முடியாது என்பதுதான் வருத்தம்.

மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கொடுத்த காய்ச்சல் மாத்திரை போட்டால் வியர்க்கும். இரண்டு மணி நேரத்தில் திரும்பவும் கொதிக்கும். பெரியம்மா வேலைக்குப் போகாமல், எப்போதும் போல வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துத் துடைத்து எடுத்தாள். மூன்றாம் நாள் மாத்திரையின் நிறத்தை மாற்றிக் கொடுத்தார்கள். காய்ச்சல் அதையும் மதிக்கவில்லை. வயசான ஆளு, மெதுவாகத்தான் இறங்கும் என்றார்கள்.

ஐந்தாம் நாள் பெரியப்பா எங்களை விட்டுவிட்டு வேறு எங்கேயோ போய்விட்டார். உடம்பு மட்டும் கட்டிலில் கிடந்தது. "பெரட்டுக்கு நேரமாச்சு, எந்திரிங்க எல்லாரும்" என்று சத்தம் போட்டார். பெரட்டு என்பது காலையில் ஆள் கூட்டி வேலை பிரித்துவிடும் இடம். பிறகு இலங்கையில் எப்போதோ விட்டுவந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். அவர்கள் வந்து நின்றது போலப் பதிலும் பேசினார். லயத்துச் சனமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மனிதருக்குள் இத்தனை பேர் இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"இது காய்ச்சலு இல்ல. அம்மன் வந்து பேசுறா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

நான் கட்டில் காலை விட்டுவிட்டுக் கோயில் இருந்த திசையைப் பார்த்தேன். அப்படியானால் அவள் திரும்பிப் பார்த்துவிட்டாளா?

நல்லவேளையாக அன்று மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரியம்மா ஜீப்புக்குச் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பலகையைப் படித்து வழிசொல்லவும் சீட்டு எழுதவும் ஆள் வேண்டும் என்று பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பெரியப்பாவின் தலையை அவள் மடியிலும் காலை என் மடியிலும் வைத்துக்கொண்டு கூடலூருக்குப் போனோம்.

டாக்டர் ஓர் இளம்பெண். மலையாளம் கலந்த தமிழ் பேசினார். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட டீச்சரைப் போல இருந்தார். பிரஷர் பார்த்துவிட்டு முகம் சுருங்கியது. நர்ஸிடம் ஏதோ சொன்னார். பிறகு அவர் செய்தது எனக்கு வினோதமாக இருந்தது. காய்ச்சலுக்கு வந்த மனிதரின் காதுக்குப் பின்னால் பார்த்தார். கழுத்து மடிப்பில் பார்த்தார். கையைத் தூக்கி அக்குளில் டார்ச் அடித்துப் பார்த்தார். கால்விரல் இடுக்கெல்லாம் பார்த்தார். கீழே எதையோ தொலைத்தவர் தேடுவது போல ஒவ்வொரு இடமாகத் தேடிக்கொண்டு வந்தார். பெல்ட்டில் கை வைத்தபோதுதான் பெரியப்பா விடவில்லை. தன் பெயரே தெரியாமல் கிடந்த மனிதரின் இரண்டு கைகளுக்கும் அந்தப் பச்சை பெல்ட் மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. நர்ஸும் இன்னொரு ஆளும் சேர்ந்து இழுத்தும் விரலைப் பிரிக்க முடியவில்லை. ஜீப்பைத் தூக்கிய கை அல்லவா.

டாக்டர் பெரியம்மாவிடம் திரும்பினார். "அம்மா, இவருக்கு மேல எங்கயாவது கறுத்த பொருக்கு உண்டா? சிகரெட் வெச்சு சுட்ட மாதிரி இருக்கும். வலிக்காது."

முன்பின் பார்க்காத ஒரு பெண், புதருக்குள் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததை, முதுகில் ஏறி நின்று நான் பார்த்ததை, வலிக்கவில்லை என்பது உட்பட, அப்படியே சொல்கிறாள். இவள் டாக்டர்தானா என்று அண்ணாந்து பார்த்தேன்.

பெரியம்மா பெரியப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அவரு பீடி குடிக்கிறதில்லீங்க" என்றாள்.

"பீடி கேக்கல அம்மா. பொருக்கு உண்டான்னு கேட்டேன்."

"ஒண்ணும் இல்லீங்க. அவரு விட்டு ஒம்பது வருசம் ஆச்சு." சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிகிற மாதிரிப் பிடித்தாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். அது இருந்தால் இன்ன காய்ச்சல் என்று உறுதியாகிவிடும், இங்கேயே மருந்து தொடங்கலாம், இல்லையென்றால் ஊட்டி வழியாகக் கோயம்புத்தூருக்கு அனுப்பவேண்டும் என்றார். இந்த மூச்சோடு அவ்வளவு தூரம் தாங்குவாரா என்று தெரியவில்லை என்று நர்ஸிடம் அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. பெரியம்மா காதிலும் விழுந்தது. என் மணிக்கட்டில் பிடி இன்னும் இறுகியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

நான் சன்னல் வழியாக வெளியே பார்த்தேன். கூடலூர் எங்கள் தேவாலாவுக்குக் கிழக்கே இருக்கிறது. வரும்போது வெயில் கண்ணில் அடித்துக்கொண்டே வந்தது. அதாவது இந்த ஆஸ்பத்திரி அம்மனின் முகத்துக்கு நேர் எதிரே. முதுகுப் பக்கம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. இங்கே நான் வாயைத் திறந்தால் அவள் காதில் நேராகப் போய் விழும். திறக்காவிட்டால் பெரியப்பா கோயம்புத்தூர் வரைக்கும் தாங்கமாட்டார். ஒன்பது வயதில் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடே தடுமாறும். ஆனால் அந்தக் கணக்கை நான் சரியாகப் போட்டேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தைரியத்தால் அல்ல. பெரியப்பா இல்லாத லயத்தில் நான் மட்டும் உயிரோடு இருந்து என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

"இருக்குங்க" என்றேன். "இடுப்புல இருக்கு. பெல்ட்டுக்கு அடியில. ஆனா அது பீடி சுட்டது."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சிறிது நேரம் ஒன்றும் ஆகாததால் திறந்தேன். டாக்டர் எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். "பெல்ட்ட விடச் சொல்லுவியா மோளே?" என்றார்.

பெரியப்பாவின் காதருகே குனிந்து, "அம்மன் பாக்கல பெரியப்பா, விடுங்க" என்றேன். பொய்தான். இரண்டு பேர் பலத்துக்குப் பிரியாத விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

பெல்ட்டை நீக்கி டாக்டர் டார்ச் அடித்தார். அங்கேயே இருந்தது, கறுப்பாக, வட்டமாக. அதைப் பார்த்ததும் டாக்டரின் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. பக்கத்து அறையிலிருந்த நர்ஸ்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எங்கள் பெரியப்பாவின் இடுப்பை அத்தனை பேர் வரிசையில் வந்து தரிசித்தார்கள்.

உண்ணிக் காய்ச்சல் என்றார். மாட்டில் ஒட்டுமே அந்த உண்ணி இல்லை, அதற்கும் சின்னது, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. புதரில் புல் நுனியில் உட்கார்ந்திருக்கும். ஆள் வந்தால் ஏறி, துணி இறுக்கிப் பிடித்திருக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கும். கடித்தது வலிக்காது, அரிக்காது. கடித்த இடம் கறுத்துப்போகும். இளவட்டங்கள் எப்படியோ தாங்கிக்கொள்வார்கள், வயதானவர்களைத்தான் மூச்சுவரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும் என்றார். "இவரு புதருக்குள்ள போவாரா?" என்று கேட்டார்.

"தெனம் போவாருங்க" என்றாள் பெரியம்மா. பெரியம்மாவுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று ஆச்சரியப்படுவதற்கு வேறு நிறைய இருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஊசி மூலமாகவும் பிறகு மாத்திரையாகவும் மருந்து போயிற்று. மூன்றாம் நாள் காலையில் பெரியப்பா எழுந்து உட்கார்ந்து, கஞ்சிக்குக் கருவாடு இல்லையா என்று நர்ஸிடம் சண்டை போட்டார். நான் அந்த மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மலையைப் போன்ற மனிதரைக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று படுக்கப்போட்டது. நகத்தளவு இருக்கும் இன்னொன்று எழுப்பி உட்காரவைத்துவிட்டது. கோயிலில்கூட நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தேன்.

நான் என்ன ஆனேன் என்று சொல்லவேண்டும் அல்லவா. டாக்டரிடம் சொன்ன அன்று முழுதும் ஆஸ்பத்திரி பெஞ்சில் கையைக் காலை நீட்டி நேராகப் படுத்திருந்தேன், தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குச் சிரமமில்லாமல் இருக்கட்டும் என்று. பெரியம்மா பன்னும் டீயும் வாங்கிவந்து எழுப்பினாள். நான் கடைசி வாய் தின்னும் வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் பல நாள் அப்படித்தான். காலையில் பெரியப்பாவுக்கு நெற்றி தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் எனக்குத் தொட்டுப் பார்ப்பாள். தும்மினால் ஓடிவருவாள். வீடு திரும்பிய வெள்ளிக்கிழமை என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், அம்மன் முன்னால் நிறுத்தி, வாய்க்குள்ளேயே ஏதோ நெடுநேரம் முணுமுணுத்தாள். குடும்ப மானத்தைக் கப்பலேற்றிய பெண்ணைத் திருத்தும்படி கேட்கிறாள் என்று நான் தலைகுனிந்து நின்றேன்.

பெரியப்பா அதற்குப் பிறகு நிஜமாகவே பீடியை விட்டார். "அம்மன் என்னையத்தான் கேட்டா, புள்ளைய கேக்கல" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். இன்னும் எட்டு வருடம் இருந்தார்.

போன வருடம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் நான் துடைத்துவிட்டேன். மூன்றே நாளில் அம்மாவின் உடம்பில் எனக்குத் தெரியாத மச்சம் இல்லை, தழும்பு இல்லை. துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் சட்டென்று உறைத்தது. பெரியம்மா ஐந்து நாள் துடைத்தாள். பெல்ட்டைக் கழற்றியவள் அவள், திரும்பக் கட்டியவளும் அவள். அந்தப் பொருக்கை அவள் பார்த்திருக்கிறாள். பீடிச் சூடு என்று அவளும் நினைத்திருக்கிறாள். டாக்டர் கேட்டபோது ஒரு பக்கம் நாற்பது வருடம் கூட வாழ்ந்தவர், இன்னொரு பக்கம் சத்தியத்தில் பிழைத்த நான். சொன்னால் நான் போய்விடுவேன் என்றுதான் அவள் வாயை மூடிக்கொண்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தது கோபத்தில் அல்ல.

பொங்கலுக்கு லயத்துக்குப் போனபோது பெரியம்மாவிடம் இதையெல்லாம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் வாய் வரவில்லை. வேறு எதையோ கேட்பது போல, முன்பெல்லாம் எந்நேரமும் வெற்றிலை போட்டு வாய் சிவந்திருக்குமே, பெரியப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"பல்லு போயிருச்சு கண்ணு, எங்க மெல்றது" என்றாள் பெரியம்மா, வாய் நிறையப் பல்லை வைத்துக்கொண்டு.